வில்லனுக்கு வக்காலத்து

முகமூடி போட்ட சூப்பர் ஹீரோ படங்களை, அதில் யார் நல்லவன் யார் கெட்டவன் என்று தெரியாமலேயே வரிசையாகப் பார்த்துத் தீர்த்த ஒருவரை எனக்குத் தெரியும். தெரியாமல்தான் பார்த்தாரா, தெரிந்துகொண்டே எங்களைச் சுற்றலில் விட்டாரா என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சங்கரன்கோவிலில் நான் விசைத்தறி ஓட்டிய செட்டில் எனக்கு அடுத்த வரிசைத் தறிகள் அவருடையவை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்காது. முப்பது வருடத் தறிச் சத்தம் அவர் காதைக் கொண்டுபோய்விட்டது. இடது காது சுத்தம். வலது காதில் மட்டும், பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிற மாதிரி ஏதோ விழும் என்பார்.

தறி செட்டுக்குள் அது ஒரு குறையே இல்லை. இருபத்து நாலு தறியும் ஒன்றாக ஓடும்போது காது உள்ளவனுக்கும் ஒன்றும் கேட்காது. நாங்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். ஒருவனைக் கூப்பிட வேண்டுமானால் கழிவு நூலை உருட்டி அவன் முதுகில் எறிவோம். திரும்பியதும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்போம். இதில் அண்ணாச்சி கில்லாடி. நாலு தறி தள்ளி நிற்கிறவனின் உதட்டைப் பார்த்தே அவன் வீட்டுச் சண்டையை முழுசாகச் சொல்லிவிடுவார். அவரைப் பற்றிப் புறணி பேச நினைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் பேச வேண்டும்.

வெளியே வந்தால்தான் தொல்லை. டீக்கடையில் எதிரே உட்கார இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே குடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் தெரியாதே. கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டபோது மனிதர் தவித்துப்போனார். மருந்துக் கடையில் என்ன சொல்கிறார்கள், ரேஷன் கடையில் என்ன கேட்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. எல்லோரையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூஞ்சிய மூடிட்டா அவன் என்ன எளவச் சொல்லுதான்னு எனக்கு எப்படிவே தெரியும்? நல்லதச் சொல்லுதவன் எதுக்கு மூடணும்?"

கிருமிக்காக என்று சொல்லிப் பார்த்தோம். சொன்ன எங்கள் வாயும் மூடியிருந்ததால் அது அவரைப் போய்ச் சேரவில்லை.

இந்த ஆளைத்தான் நாங்கள் முகமூடிக்காரன் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

எங்கள் பக்கம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். தறி நின்றுவிடும். தியேட்டரில் ஜெனரேட்டர் உண்டு. ஆகவே கரண்ட் இல்லாத நாள் எங்களுக்குப் படம் பார்க்கும் நாள். எங்கள் எல்லோருக்குமே காது கொஞ்சம் மந்தம் என்பதால், காதல் கதை, குடும்பக் கதையெல்லாம் ஒத்துவராது. இடி விழுந்து கட்டடம் சரிகிற டப்பிங் படம்தான் சரிப்படும்.

முதல் படத்தில் நீல முகமூடி போட்ட ஒருவன் பறந்து பறந்து அடித்தான். நரைத்த தாடி வைத்த ஒருவன் ஒரு பெரிய நகரத்தின் மின்சாரத்தை அணைத்துவிடத் திட்டம் போட்டான். அண்ணாச்சி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். இருட்டில் எங்கள் உதடு அவருக்குத் தெரியாது. அதனால் யாராலும் அவருக்கு எதையும் விளக்க முடியவில்லை. இடைவேளைக்குள் அவராகவே ஒரு கதையை முடிவு செய்துவிட்டார். படம் விட்டு வெளியே வந்து வெளிச்சத்தில் நின்றதும் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அந்த நீல மூஞ்சிக்காரன் எதுக்குவே அந்தப் பாவத்தப் போட்டு அந்த அடி அடிக்கான்?"

"அவன்தான் அண்ணாச்சி ஹீரோ."

"போவே. ஹீரோ எதுக்கு மூஞ்சிய மூடுதான்? தாடிக்காரன் பாரும், தொறந்து வச்சிருக்கான். கோவம்னா கோவம் தெரியுது, நோவுன்னா நோவு தெரியுது. அவனுக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருந்து செத்துருக்கு. ஆஸ்பத்திரியில ஏதோ நடந்துருக்கு. அந்த ஊருக்காரன் ஒருத்தனும் வந்து என்னான்னு கேக்கல. அதான் ஊருக்கே ஷட்டவுன் போடுதான்."

நாங்கள் சிரித்துத் தள்ளினோம். மறுநாள் படத்துக்கு வராதவர்களுக்கு அவர் அந்தக் கதையைச் சொன்னார். சும்மா இல்லை, அரை மணி நேரம். தாடிக்காரன் மகளின் செருப்பை எடுத்து வைத்திருக்கிறான் என்றார். அவன் ஆத்திரத்தில் ஒரு கையை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருப்பான், அது மகளின் விரலைப் பிடித்த கை என்றார். டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது.

ஒரு வருடம் கழித்து அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். நான் சத்தத்தை முழுதாக வைத்து ஆவலாகப் பார்த்தேன். மகளும் இல்லை, செருப்பும் இல்லை. தாடிக்காரனுக்குப் பூமிக்கடியில் இருக்கும் ஒரு கல் வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. ஏமாற்றியது படமா அண்ணாச்சியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று, அந்த மூடிய கை படத்தில் நிஜமாகவே இருந்தது. கடைசி வரை அவன் அதைத் திறக்கவில்லை. படம் எடுத்தவர்களே அதைக் கவனித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாம் பாகம் வந்தது. ஒவ்வொன்றிலும் அவர் வில்லன் பக்கம். செட்டில் அவருக்கு 'வக்கீல்' என்று பட்டம் கட்டினோம்; கழுத்தைச் சுற்றிக் கறுப்பு அங்கி போடுகிற மாதிரி சைகை காட்டுவோம். அவர் அசரவில்லை. தறி நிற்கும்போதெல்லாம் வாதாடுவார்.

"அவன் காலையில எந்திரிச்சா அவனுக்கு ஒரு வேல இருக்கு. ஆள் வச்சிருக்கான், மெசின் வச்சிருக்கான், ராப்பகலா பாடுபடுதான். இந்தப் பறக்குதவனுக்கு என்ன சோலி? அடுத்தவன் சோலியக் கெடுக்கதுதான் சோலி. அவன் ஒண்ணு செய்யலன்னா இவனுக்குப் பொழுதே போகாது."

மூன்றாம் பாகத்துக்குப் பிறகு சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. தறியில் நின்ற சேலையில் நீளவாக்கில் ஓடும் பாவையும் குறுக்கே போகும் ஊடையையும் தொட்டுக் காட்டினார். "பறக்குதவன் பாவு நூலு மாதிரி. மொதல்ல மாட்டுனதுதான், கடேசி வர அதேதான். ஊடை நூல மாத்துனாத்தான சேல மாறும்? ஒவ்வொரு படத்துக்கும் புதுசா வாரவன் வில்லன்தானவே. அப்ப கத யாரு கத?"

 நான் வேறு பக்கம் பாய்ந்தேன். "அவன் கடைசியில குழந்தைங்கள எல்லாம் கொல்லப் பாக்கானே அண்ணாச்சி. அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"அது வேணும்னே செய்ய வைக்கானுவ. பாதிப் படம் வர அவன் நியாயம் கேக்கான். கேட்டதுக்கு ஒருத்தன்கிட்டயும் பதில் இல்ல. பதில் இல்லாம அவன அடிச்சா பாக்குதவன் சும்மா இருப்பானா? அதான் கடேசியில அவன் கையில ஒரு பிள்ளையக் குடுத்து, கொல்லப்போற மாதிரிக் காட்டிருதானுவ. இப்ப அடிக்கலாம்லா."

"நியாயம் கேக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ்ல வாயசைக்கான், தமிழ்ல டப்பிங். உங்களுக்கு ரெண்டும் பிடிபடாதே."

"அவன் பேசும்போது மத்தவன் தலயக் குனியுதான்லா" என்றார் அண்ணாச்சி. "அதுக்குமேல என்ன பிடிபடணும்?"

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? எனக்குத் தலை சுற்றும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது அவர் சொன்னது சரி என்று படும். காலையில் எழுந்தால் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று படும்.

இது சினிமாவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு சமயம் எங்கள் செட்டில் யாரோ அடுத்தவர் தறியில் பாவு நூலை அறுத்து வைத்தார்கள். பாவு அறுந்தால் ஒவ்வோர் இழையாகப் பிடித்து முடிச்சுப் போட்டாக வேண்டும். ஒரு நாள் பிழைப்பு போய்விடும். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவன் கையும் களவுமாகச் சிக்கினான். எல்லோரும் கை ஓங்கினோம். அண்ணாச்சி நடுவில் புகுந்து அவனை உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, "ஏன் அறுத்த?" என்று மட்டும் கேட்டார். அவன் ஓட்டிக்கொண்டிருந்த நல்ல தறியைப் பிடுங்கி மேஸ்திரி தன் மச்சினனுக்குக் கொடுத்திருக்கிறார். அது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணாச்சி வாதாடி அவனை வேலையில் வைத்தார். தறியும் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது.

அடுத்த மாதமே அவன் மறுபடி அறுத்தான். இந்தத் தடவை அண்ணாச்சியின் தறியை.

"இப்ப என்ன சொல்லுதீங்க?" என்று நாங்கள் மொய்த்துக்கொண்டோம். இழை முடிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "மொத தடவ ஏன்னு கேட்டேன். இப்ப கேக்கல" என்றார். அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள், அண்ணாச்சி குறுக்கே வரவில்லை. அவர் தோற்றுவிட்டதாக நாங்கள் நினைத்தோம். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது. கரண்ட் நின்ற அடுத்த நாளில் தியேட்டருக்கு எங்களுக்கு முன்னால் போய் நின்றார், மறுபடி வில்லன் பக்கம்.

இனி என் தங்கை கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனையும்.

தங்கை பெயர் கோமதி. எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் நாலு கோமதி மேல் படும், அம்மன் பெயர். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தண்ணீர்க் கேன் போடும் வண்டி வைத்திருந்தான். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது. நான்தான் பார்த்து முடித்தேன். கல்யாணமாகி மூன்றாம் வருடம் கோமதி ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள். அவன் வண்டி எடுத்துப் போகும்போதெல்லாம் வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறானாம், இவளை உள்ளே வைத்து. போனையும் உடைத்துவிட்டான். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தவள் தண்ணீருக்காகச் சன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்காகச் சன்னலையும் ஆணி வைத்து அடித்துவிட்டான். "இனிமே அங்க போகமாட்டேண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் திரும்பிப் போய்விட்டால் நல்லது என்றுதான் நான் இருந்தேன். என் வீடு இரண்டே அறை. தெருவில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் பார்த்து முடித்த மாப்பிள்ளை கெட்டவன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் சமாதானம் பேச வருகிறான் என்று சொல்லி அனுப்பியபோது நான் ஒரு வேலை செய்தேன். வில்லனுக்கெல்லாம் வக்காலத்து வாங்குகிற மனிதர் ஒருத்தர் இருக்கிறாரே, அவரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தேன். அவர் மாப்பிள்ளைக்காக நாலு வார்த்தை பேசினால் என் மேல் பழி வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தன் பெரியப்பாவோடு வந்தான். அண்ணாச்சி வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நானும் என் மனைவியும் பக்கத்தில். கோமதி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் மறுக்கவே இல்லை. பூட்டினேன், ஆணி அடித்தேன், எல்லாம் நான்தான் என்றான். பிறகு சொன்னான். "எனக்கு ஏழு வயசு. எங்கம்ம தண்ணி எடுத்துட்டு வாரேன்னு கொடத்தோட போனா. நான் வாசப்படியில இருந்தேன். பொழுது அடைஞ்சிட்டு. கொடம் மட்டும் கெணத்து மேட்டுல இருந்துச்சு. அம்ம வரவே இல்ல. எவன்கூடவோ போயிட்டான்னு சொன்னாவ. இன்னைக்கும் வீட்டுக் கதவு தொறந்து கெடந்தா எனக்கு நெஞ்ச அடைக்கு மச்சான். இவ மேல சந்தேகம் இல்ல. தொறந்த கதவு மேலதான் பயம். என்னைய விட்டுப் போயிராதன்னு சொல்லத் தெரியாமத்தான் பூட்டுனேன்."

பெரியப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். அத்தனையும் நடந்ததுதான் என்றார். என் மனைவி எழுந்து காப்பி போடப் போனாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஏழு வயதுப் பிள்ளை வாசப்படியில் உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "கோமதி, பையை எடுத்து வையி" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவன் அம்மா கதையைத் தொடங்கும்போதே அண்ணாச்சி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ என்று விட்டுவிட்டேன். திடீரென்று அவர் டீக்கடைக் குரலில் சொன்னார்:

"பிள்ள இங்கனயே இருக்கட்டும். அனுப்பாண்டாம்."

பெரியப்பா, "இவரு யாரு, எந்த வகையில சொந்தம்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, உதடு தெரிகிற மாதிரி முகத்துக்கு நேரே நின்றேன்.

"என்ன அண்ணாச்சி விளையாடுதீங்களா? ஊர்ல உள்ள வில்லனுக்கெல்லாம் பரிஞ்சு பேசுவீங்க. கண்ணு முன்னால ஒருத்தன் நெஞ்சு வெடிச்சு அழுதான். அவன் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லவே. நெசமாத்தான் அழுதான். அந்த மூஞ்சியில பொய்யே இல்ல."

"பின்ன?"

 அவர் முகம் குழம்பியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு வில்லன் மூஞ்சியத்தான் பாக்கத் தெரியும். இன்னைக்கும் அதத்தான் பாத்துட்டு இருந்தேன். பாதியிலதான் தோணுச்சு, நிலையப் பிடிச்சிட்டு நிக்க அந்தப் பிள்ள மூஞ்சிய ஒருத்தரும் பாக்கலயேன்னு. நானும் பாக்கல. அப்புறம் திரும்பிப் பாத்தேன். அதுக்கு வாய் அசையுது. சாமி கும்பிடுதுன்னு நெனச்சேன். கும்பிடல. 'தண்ணி எடுத்துட்டு வாரேன்னு' அப்படிங்கு. அங்க இவன் அதயே சொல்லுதான். 'கொடம் மட்டும் கெணத்து மேட்டுல' அப்படிங்கு. அதுக்குப் பொறவு இவன் சொல்லுதான். இவன் அழுகதுக்கு முந்தியே அதுக்குத் தெரியுது, இப்ப அழுவான்னு. அவ வாயில மொதல்ல வருது வே, அவன் வாயில ரெண்டாவதாத்தான் வருது."

நான் உள்ளே போனேன். "பிள்ள இங்க இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். காப்பி ஆறிப்போய் இருந்தது. நான் சொன்னதற்கும் அவன் அழுதான். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தான், நான் வாசலிலேயே பேசி அனுப்பினேன்.

கோமதி இப்போது நைட்டி தைக்கும் இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். அண்ணாச்சி மகனோடு திருப்பூர் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு படம் பார்த்தோம். அதிலும் அவர் வில்லன் பக்கம்தான். "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். உதட்டைப் படிக்கத் தெரியாதவர் மாதிரி சிரித்துக்கொண்டே நடந்துவிட்டார். அவருக்கு வில்லனைப் பிடித்ததா, பாவமாக இருந்ததா, பயமாக இருந்ததா? எனக்கே அந்த மாப்பிள்ளை மேல் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நாளை நினைத்தால் இப்போதும் அவன் அழுத முகம்தான் வருகிறது. வாசப்படியில் இருந்த ஏழு வயதுப் பிள்ளையும் கூடவே வருகிறது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தங்கையின் முகத்தை எவ்வளவு முயன்றும் கொண்டுவர முடியவில்லை. நான் பார்க்கவில்லை, அதனால் வரவில்லை.

போன வாரம் கோமதி வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"ஏட்டி, அந்தக் கொடத்துக் கதைய அவன் உன்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பான்?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள்.

"எண்ணலண்ணே. கதவப் பூட்டிட்டுப் போயி, திரும்பி வந்து தொறக்கும்போதெல்லாம் சொல்லுவாரு. மொத மூணு தடவ நானும் அவர் தலைய மடியில வச்சிட்டுச் சேந்து அழுதேன்."

நான் அழுத அன்றைக்கு எனக்கு அது முதல் தடவை.